காலமானவர் கடையில் இருக்கிறார்

அத்தியாயம் 9

சென்ற வியாழக்கிழமை பென்ஷன் ஆபீஸில் கேட்ட ஒரு வாக்கியத்தை ஜோதி இன்னும் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். விழுங்க முடியவில்லை. துப்பவும் இடம் கிடைக்கவில்லை.

"அந்த கம்பெனியில உங்க வீட்டுக்காரர் பேர்ல கணக்கே இல்லையேம்மா."

சொன்ன பிரேமலதா மேடம் கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டரை இவள் பக்கம் திருப்பியே காட்டினார். பதினோரு வருஷம் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்த பீமராவ், துவாக்குடியில் அந்தக் காண்ட்ராக்டரிடம் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதற்குக் கோபமும் தெரியாது, கூச்சமும் தெரியாது.

பீமராவ் பங்குனியில் இறந்தான். காலையில் வேலைக்குக் கிளம்பி, பைக்கை ஸ்டார்ட் செய்ய உதைத்தவன் அப்படியே பெட்ரோல் டேங்கின் மேல் சாய்ந்துவிட்டான். நெஞ்சு. மாதா மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், முதலாளி போட்ட பங்கிலிருந்து பென்ஷனுக்கென்று தனியாகவும் போயிற்று. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஆள் இறந்தால் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை குடும்பத்தில் இருந்தது. பீமராவ் அங்கே வேலை பார்த்தது பீமராவாக அல்ல, கலையரசனாக.

கலையரசன் அவனுடைய சொந்த அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர், வெல்டிங் சர்டிபிகேட் வைத்திருந்தவர். அந்தக் காண்ட்ராக்டரிடம் சேர்ந்த இரண்டாம் மாதமே அவருக்குக் குவைத் விசா வந்தது. விசாவை விடவும் மனசில்லை, வேலையை விடவும் மனசில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன தம்பியைக் கூப்பிட்டு கேட் பாஸைக் கையில் திணித்தார். "என் பேர்ல உள்ள போடா. மூஞ்சி ஒண்ணுதானே."

சூப்பர்வைசர் கேட் பாஸிலிருந்த போட்டோவைப் பார்த்தார். எதிரில் நின்ற முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பற்றவைத்த குழாயைப் பார்த்தார். குழாய் நன்றாக இருந்தது. அத்தோடு விசாரணை முடிந்தது.

அன்றிலிருந்து பாங்க் கணக்கு அண்ணன் பேரில், ஏ.டி.எம். கார்டு தம்பி பாக்கெட்டில். பட்டறைக்குள் அவன் 'கலை அண்ணன்'. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் பீமராவ் ஆவான்.

ஆகவே, அரசாங்கக் கணக்குப்படி பீமராவ் ஆயுசு முழுக்க வேலைக்குப் போகாத தண்டச்சோறு. உழைத்துப் பணம் சேர்த்த கலையரசனோ நல்ல சுகத்தோடு இருக்கிறார். குவைத்திலிருந்து திரும்பி, ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையில், குடமும் வாளியும் விற்கும் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வேலை செஞ்சது நான் இல்லை, என் தம்பின்னு உங்க மச்சாண்டார் எழுதிக் குடுக்கணும்," என்று பிரேமலதா மேடம் சொல்லியிருந்தார். "காண்ட்ராக்டரும் ஒத்துக்கணும். கூடவே அசலா ஏதாவது ஆதாரம் கொண்டாங்க. அப்புறம் விசாரிப்போம். கிடைச்சிடும்னு நான் வாக்கு குடுக்கலம்மா."

இன்று அந்த இரண்டு ஆண்களையும் பார்த்துவிடுவது என்று ஜோதி முடிவு செய்திருந்தாள்.

"அம்மா," என்றாள் மகள் தென்றல், தலையைப் பின்னிக்கொண்டே. கல்லூரியில் முதல் வருஷம். "அட்மிஷன் அப்ப அப்பா பேரு பீமராவ், வேலை வெல்டர்னு எழுதியிருக்கேன். பொய் எழுதுனதுக்கு என்னைய வெளிய அனுப்பிடுவாங்களா?"

"காலங்காத்தால வாய மூடுடி."

"பெரியப்பாகிட்ட கோவப்படாம பேசு."

"நான் எப்ப கோவப்பட்டேன்?"

தென்றல் மிக்ஸி ஜாரைத் திறந்து காட்டினாள். சட்னி, இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் குடிக்கிற பதத்துக்கு வந்திருக்கும்.

வாசலில் சாணை பிடிக்கிறவர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். ஜோதி புடவைகளுக்கு ஃபால்ஸ் வைத்து, ஓரம் அடித்துக் கொடுக்கிறவள். அவளுடைய கத்தரிக்கோல் முனை மழுங்கி ஒரு மாதமாகிறது. இன்றைக்குப் பார்த்துச் சாணை பிடித்து வாங்கி, தைத்து முடித்த புடவைகளோடு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"கத்தரிக்கோல் எதுக்கும்மா?" என்றாள் தென்றல் கவலையாக.

"நூல் வெட்ட."

"நூல மட்டும் வெட்டு."

*

காண்ட்ராக்டரின் ஆபீஸ் ஏ.சி. அறையில் ஊதுபத்தி மணத்தது. சுவரில் எல்லா மதத்துச் சாமிகளும் வரிசையாக இருந்தார்கள். எந்தப் பக்கமிருந்து கேஸ் வந்தாலும் சமாளிக்கிற ஏற்பாடு.

"பீமராவா?" அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நன்றாக யோசித்தார். "அப்படி யாரும் எங்கிட்ட வேலை பாக்கலையேம்மா."

"எழவுக்கு வந்தீங்களே சார். மாலை போட்டீங்களே."

"மனுஷன்னு இருந்தா நாலு எழவுக்குப் போவாங்க."

"என்கிட்ட வந்து, 'உன் வீட்டுக்காரன் வெல்டிங்ல ஒரு சொட்டு ஒழுகாதும்மா'ன்னு சொன்னீங்க."

"துக்க வீட்டுல நாலு வார்த்தை நல்லதா சொல்றதுதான். அதையெல்லாம் ஞாபகம் வச்சுப்பாங்களா?"

ஜோதி போனை எடுத்து அந்தப் படத்தை நீட்டினாள்.

படத்தின் கதை இது. பீமராவ் இறந்த அன்று இரண்டு கண்ணீர் அஞ்சலி பேனர்கள் முளைத்தன. தெருமுனையில் சொந்தக்காரர்கள் கட்டியதில் 'பீமராவ்' என்று சரியாக இருந்தது. பட்டறை வாசலில் கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு இன்னொன்று கட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவனுடைய சொந்தப் பெயரே தெரியாது. அதனால் பீமராவின் சிரித்த முகத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் 'எங்கள் கலை அண்ணன் கா. கலையரசன்' என்று அச்சடித்துவிட்டார்கள். அதற்குக் கீழே இரண்டு வரி:

'நீ பற்றவைத்த இடம் எதுவும் விட்டதில்லை. நீ மட்டும் ஏன் எங்களை விட்டுப் போனாய்?'

அடியில் வழக்கப்படி வருந்துவோர் படங்கள். முதல் படம் முதலாளியுடையது. கைகூப்பி, கண்ணில் நீர் இல்லாமல், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரியதாக.

"இது நீங்கதானே சார்?"

அவர் படத்தை விரலால் பெரிதாக்கித் தன்னைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் திருப்தியாகக்கூடப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் இப்ப சின்னப் புள்ளைங்க போன்லயே செஞ்சுடுதும்மா. நாளைக்கு என் தலைய வெட்டி யானை மேல கூட உக்கார வைக்கலாம். அசல் பேனர் இருக்கா? கொண்டா. பாப்போம்."

"இருந்தா ஒத்துக்குவீங்களா?"

"இல்லைன்னு எனக்குத் தெரியும்மா," என்றார் அவர் அன்பாக.

வாசலுக்கு வந்தபோது ஜோதிக்குக் காது இரண்டும் அடைத்திருந்தது. திட்டவேண்டிய வார்த்தைகள் எல்லாம் அந்த ஏ.சி. அறையைத் தாண்டிய பிறகே ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றும் அருமையான வார்த்தை.

டீக்கடையில் நின்றிருந்த இம்தியாஸ் இவளைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தான். பீமராவுக்குப் பக்கத்தில் நின்று பற்றவைத்தவன்.

"அண்ணி, இல்லைன்னுட்டானா?"

"அசல் பேனரக் கொண்டாங்கறான். அது எங்கப்பா போச்சு?"

"உங்களுக்குத் தெரியாதா? மறுநாளே உங்க மச்சாண்டார் ஆட்டோவோட வந்து கழட்டிச் சுருட்டிட்டுப் போனாரு. ஸ்ரீரங்கத்துல அவங்க வீட்டம்மாவுக்கு யாரோ போன் பண்ணி, 'உனக்கு இந்தக் கதி வந்துடுச்சேடி'ன்னு அழுதுட்டாங்களாம். கொளுத்தணும்னு சொல்லித்தான் எடுத்துட்டுப் போனாரு."

"கொளுத்திட்டாரா?"

"அத நான் பாக்கல." இம்தியாஸ் குரலைத் தாழ்த்தினான். "சாட்சி வேணும்னா நான் வரேன் அண்ணி. எந்த ஆபீஸ்ல வேணா சொல்றேன். வேலை போனா போவட்டும்." கொஞ்சம் யோசித்தான். "போவாம இருந்தா நல்லது."

*

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஜவுளிக்கடையில் புடவைகளைக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போயிற்று. தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் இருந்தவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஆடிக் காற்று ஜோதியின் முந்தானையைப் பின்சீட்டுக்காரி முகத்தில் வீசியது. அந்த அம்மாள் முறைத்தாள். இவள் அதைவிடப் பெரிதாக முறைத்ததில் அந்த அம்மாள் ஆற்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

நாளை மறுநாள் ஆடிப் பதினெட்டு. அம்மாமண்டபம் சாலை முழுக்க மஞ்சள், காதோலை, வளையல். 'கலையரசன் பிளாஸ்டிக்ஸ்' வாசலிலும் கூட்டம். அம்மாமண்டபத்தில் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் காவிரித் தண்ணீர் பிடிக்கக் கேன் வாங்கிப் போவார்கள். செத்தவர்களை நம்பி நடக்கிற வியாபாரம். அதில் கலையரசனுக்கு வருஷக்கணக்கான அனுபவம் இருந்தது.

வெயிலுக்குக் கடை முன்னால் ஃப்ளெக்ஸில் பந்தல் கட்டியிருந்தார். அதன் கறுப்பு முதுகு கீழே பார்க்க, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதன் நிழலில் அவர் நாற்காலி.

"வா ஜோதி, வா. வெயில்ல வந்திருக்க. காபி சொல்லவா?"

அவர் எப்போதும் அப்படித்தான். கழுத்தை அறுப்பதற்கு முன்னால் காபி கேட்பார்.

உள்ளே அவர் மனைவி யமுனா மடியில் தட்டை வைத்து, தாலிக் கயிறுகளில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். சீசன் வியாபாரம். ஜோதி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டதும் யமுனா தட்டைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

ஜோதி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருப்பது இந்த நான்கு மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தைகளில் ஒன்று.

"மாமா, காபி வேணாம். ஒரே ஒரு விஷயம் எழுதிக் குடுங்க. அங்க வேலை செஞ்சது உங்க தம்பின்னு."

"எழுதலாம்," என்றார் கலையரசன், ஒரு வாளியைத் துடைத்துக்கொண்டே. "எழுதினா நான் ஏமாத்துனேன்னு ஆவும். போலீஸ்ல என்னைய உக்கார வச்சா நீ சாப்பாடு கொண்டு வருவியா?"

"அவரு இல்லாம எம் பொண்ணுக்கும் எனக்கும் யாரு மாமா சாப்பாடு கொண்டு வரா?"

"பேசத் தெரியுது உனக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. அது என் கணக்கு. என் பேர்ல பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கு. அம்பத்தெட்டு வயசானா எனக்கே பென்ஷன் வரும். நான் எப்படி இல்லைன்னு எழுதறது?"

ஜோதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கா?"

"பேரு என்னுதுதானே."

"நெருப்பு யாருது?"

கலையரசன் வாளியைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க மாமா, நெருப்பு யாருது? வெல்டிங் வெளிச்சம் அடிச்சுக் கண்ணு ரெண்டும் மொளகாய்ப் பழமா சிவந்து வந்து, உருளைக்கிழங்க வட்டமா வெட்டிக் கண்ணு மேல வச்சுக்கிட்டுப் படுத்தது யாரு? உங்க பேரா? மார்ல பொறி விழுந்து சட்டையெல்லாம் சல்லடையா வருமே, அதத் தச்சுக் குடுத்தது யாருக்கு? உங்க பேருக்கா?"

"கத்தாத. வியாபார நேரம்."

"நீங்க குவைத்ல இருந்தீங்க!"

"இருந்தேன். நான் இல்லேங்கல." அவர் குரல் இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. "ஆனா என் சர்டிபிகேட் இல்லைன்னா அவன் கேட்டத் தாண்டியிருப்பானா? அவன் கை வேலை செஞ்சுது, என் பேரும் கூடச் சேர்ந்துதானே வேலை செஞ்சுது? அதுக்கு ஒண்ணும் கிடையாதா?"

ஒரு பெயர் தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போய், ஹெல்மெட் போட்டு, குழாய்க்குள் தலையை விட்டு உழைத்ததைப் பற்றி ஜோதி அன்றுதான் கேள்விப்பட்டாள்.

"கேன் எவ்வளவுங்க?" என்று ஒரு பெரியவர் இடையில் நுழைந்தார். மொட்டைத் தலையில் ஈரம் காயவில்லை. கலையரசன் சிரித்த முகத்தோடு கேனை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"சட்டம் நானும் விசாரிச்சேன் ஜோதி. கணக்குல இருக்கறவன் செத்தாத்தான் பொண்டாட்டிக்குப் பென்ஷன். நான் உயிரோட இருக்கேன். உயிரோட இருக்கறவனுக்கு எங்கம்மா விதவை? நான் போனா அது யமுனாவுக்கு..."

"வாயக் கழுவுங்க!" யமுனாவின் தட்டு தரையில் அதிர்ந்தது. "ஆடிப்பெருக்கு வர்ற நேரத்துல பேசற பேச்சா இது?" அவள் கோபம் அப்படியே ஜோதி பக்கம் திரும்பியது. "எல்லாம் உன்னாலதான். நீ அந்த ஆபீஸ்ல போயி என்னடி சொல்லப்போற? கலையரசன் செத்துட்டாருன்னா?"

"வேலை பாத்த ஆளு செத்துட்டாருன்னு சொல்லப்போறேன் அக்கா."

"எப்படிச் சொன்னாலும் எம் புருஷன் பேரோட அந்த வார்த்தை சேரக் கூடாது. அதுக்குத்தான் அந்த பேனரயே கொளுத்தச் சொன்னேன். பூசணிக்கா சுத்தி ஒடச்சேன். சமயபுரத்துக்கு நடந்தே போயிட்டு வந்தேன். தெரியுமா உனக்கு?"

ஜோதி கலையரசனைப் பார்த்தாள். "கொளுத்திட்டீங்களா மாமா?"

"அன்னைக்கே." அவர் வாளியைத் திரும்ப எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த வாளி. "சாம்பலக் கூட ஆத்துல விட்டாச்சு."

போயிற்று. அசல் என்று ஒன்று இருந்திருந்தால் அது சாம்பலாகக் கொள்ளிடத்தையோ கடலையோ சேர்ந்திருக்கும். ஜோதி எழுந்தாள். மஞ்சள் பையை எடுத்தாள். வாய் வரைக்கும் வந்ததை இந்த முறை வாசலுக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினாள்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது.

சாலையில் தொங்கிய வளையல் கொத்துகள் சலசலத்தன. காலிக் கேன்கள் உருண்டன. பந்தலின் முன்பக்கக் கயிறு இரண்டும் பட்டென்று அறுந்து, ஃப்ளெக்ஸ் அப்படியே எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, கடை வாசலில் தலைகீழாகத் தொங்கியது.

நான்கு மாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இப்போது சாலையைப் பார்த்தது.

பீமராவ் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே, தலைகீழாக, கொட்டை எழுத்தில் கா. கலையரசன். அதற்கும் மேலே முதலாளி கைகூப்பிக்கொண்டு தலைகீழாக நின்றார். அந்தக் கோலம் அவருக்குப் பொருத்தமாக இருந்தது.

கேன் வாங்கிய பெரியவர் தலையைச் சாய்த்துப் பேனரைப் படித்தார். நிமிர்ந்து கடைப் பலகையைப் படித்தார். முகத்தை முகத்தோடு ஒப்பிட்டார். கலையரசனின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

"எப்பங்க தவறினாரு?"

கலையரசன் வாயைத் திறப்பதற்குள் யமுனா எழுந்து வந்திருந்தாள். அவள் விரல்களெல்லாம் மஞ்சள்.

"கொளுத்திட்டேன்னீங்க."

"யமுனா, நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ்மா. கடையில வாங்கினா என்ன விலை தெரியுமா? சும்மா கொளுத்துவானேன்னு..."

"நாலு மாசமா இதுக்குக் கீழதான் உக்காந்திருக்கீங்களா?"

"எழுத்தெல்லாம் மேல பாக்கத்தானே வச்சேன். கீழ இருக்கற யாருக்கும் தெரியாது. வானத்துக்கு மட்டுந்தான் தெரியும்."

"வானத்துக்குத் தெரிஞ்சாப் போதாதா?" யமுனாவின் குரல் கீச்சென்று ஏறியது. "எவன் கண்ணுல படக்கூடாதுன்னு நான் நடையா நடந்தேனோ, அவனுக்கே வெளக்கு போட்டுக் காட்டிக்கிட்டிருந்தீங்களா? இந்தா, பேரு கலையரசன், கீழதான் இருக்கான், வந்து எடுத்துக்கன்னு!"

ஜோதி அதற்குள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மேலே இரண்டு முனைகள் இன்னும் கம்பியில் கட்டியிருந்தன. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இறுகிய முடிச்சு. நகத்துக்கு மசியவில்லை. பையில் கையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

கலையரசன் வந்து ஸ்டூலை மறித்து நின்றார். முதன்முறையாக அவர் குரலில் காபி இல்லை.

"கை வைக்காத ஜோதி. இது என் கடை."

"இது என் புருஷன்."

"எறங்குன்னேன்ல."

"நான் இன்னும் ஏறவே இல்ல மாமா. ஏறுனதுக்கப்புறம் சொல்லுங்க."

அவர் அவளுடைய பையைப் பிடித்து இழுத்தார். அவள் இழுத்தாள். பை கிழிந்து, நூல்கண்டுகள் சாலையில் உருண்டன. அப்போது மஞ்சள் விரல்கள் குறுக்கே வந்து ஜோதியின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கின.

"தள்ளுங்க ரெண்டு பேரும்."

யமுனா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினாள். சாணை பிடித்த கத்தரி ஒரே கடியில் கயிற்றை முடித்தது. இன்னொரு கடி. ஃப்ளெக்ஸ் வாளிகளின் மேல் சரிந்து விழுந்தது.

ஜோதி அதை நேராகத் திருப்பிப் போட்டாள். சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஓரத்தில் பிரிண்டர் பெயர், போன் நம்பர், தேதி எல்லாம் அப்படியே இருந்தன. பீமராவின் கன்னத்தில் காக்கை எச்சம். முந்தானையால் துடைத்தாள். இவ்வளவு பெரிய முகத்தை அவள் இதுவரை கையால் தொட்டதில்லை. நான்கு மாதமாக இவன்தான் அண்ணனுக்கு நிழல் கொடுத்திருக்கிறான். அதற்கும் பி.எஃப். கிடையாது.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது அது இல்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"அந்தப் பக்கம் புடி ஜோதி," என்றாள் யமுனா, ஸ்டூலிலிருந்து இறங்கி. மூச்சு வாங்கியது. "மண்டபத்துக்குக் கொண்டு போயிடலாம். தண்ணி நெறைய ஓடுது."

"எதுக்கு?"

"எதுக்கா? ஆத்துல விடத்தான்."

"அக்கா, இது எனக்கு வேணும். நாளைக்கு ஆபீசுக்குக் கொண்டு போவணும்."

யமுனா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இதையா? நாளை மறுநாள் நான் புதுக் கயிறு மாத்தணும். நாளைக்கு நீ இத ஆபீஸ்ல விரிச்சுக் காட்டப்போறியா? கலையரசன் செத்துட்டாருன்னு எழுதியிருக்குடி!"

"படத்தப் பாருங்க அக்கா."

"நான் பேரத்தான் பாக்கறேன்."

"படம் என் புருஷன்."

"பேரு என் புருஷன்."

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள். நடுவில் ஃப்ளெக்ஸ் காற்றில் பாய்மரம்போல் உப்பியது. சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கலையரசன் யார் முகத்தையும் பார்க்காமல் கடைக்குள் போய், சத்தமில்லாமல் போனைக் காதில் வைத்து, "சார், பேனர் வெளிய வந்துடுச்சு," என்றார்.

யமுனா போன் பேச்சைக் கவனிக்கவில்லை. அவள் ஃப்ளெக்ஸைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். மேலே முகம். கீழே பெயர். இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை.

"சரி," என்றாள். குரல் திடீரென்று இறங்கி, ஏறக்குறைய அன்பாக இருந்தது. "எதுக்குச் சண்டை? உன் புருஷன நீ எடுத்துட்டுப் போ. என் புருஷன நான் எடுத்துக்கறேன்."

அவள் ஓரத்தில் கத்தரிக்கோலை வைத்தாள்.

முகம் மட்டும் இருந்தால் அது வெறும் செத்துப்போன தம்பி. பெயர் மட்டும் இருந்தால் அது உயிரோடிருக்கும் அண்ணன். இரண்டும் ஒட்டியிருந்தால்தான் பீமராவ் பதினோரு வருஷம் வேலைக்குப் போனான். அந்த நான்கு விரல் வெள்ளையில்தான் ஜோதியின் பென்ஷன் இருந்தது.

கத்தரி ஓரத்தைக் கடித்து ஒரு அங்குலம் உள்ளே வந்தது.

ஜோதி தன் உள்ளங்கையை விரித்து, முகத்துக்கும் பெயருக்கும் நடுவில், கத்தரியின் இரண்டு முனைகளுக்கும் நேர் எதிரில் வைத்தாள்.

"வெட்டுங்க அக்கா," என்றாள். "காலையிலதான் சாணை பிடிச்சேன். இதையும் சேத்தே வெட்டும்."